படித்துக் காட்டிய பக்கம்

தண்ணீர் நிறுவனத்தில் அவளுக்குச் ‘சீப்பு’ என்று பெயர். சிக்கு விழுந்த வாக்கியம் எதைக் கொடுத்தாலும் வாரிவிட்டுத் திருப்பித் தருவாள் என்பதால் யாரோ வைத்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். போகப்போக நேரிலேயே, “சீப்பக்கா, இதைக் கொஞ்சம் வாரிக் குடுங்க” என்று தாளை நீட்டினார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. பேன் எடுப்பதும் சீப்புதான் என்று பதிலுக்கு ஒரு போடு போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

நிறுவனத்துக்கு ஏழு இணையதளங்கள் இருந்தன. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாயால் பேசிக்கொண்டிருந்தது. கட்டணம் கட்டும் தளம் வாடகை பாக்கி கேட்கிற வீட்டுக்காரர்போல அதட்டும். புகார் தளம் சம்பந்தி வீட்டாரிடம் பேசுவதுபோலக் குழையும். தண்ணீரின் தரத்தைச் சொல்கிற தளத்தை எழுதியவரே மறுநாள் படித்தால் விழிப்பார். ஒரே குழாய் உடைப்பை ஒரு தளம் பராமரிப்பு என்றது, இன்னொன்று விபத்து என்றது, மூன்றாவது அப்படி ஒன்று நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஜனங்கள் மூன்றையும் விட்டுவிட்டு எதிர் வீட்டுக் குழாயை எட்டிப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

அதையெல்லாம் ஒரே குரலாக்க அவளுக்கு வருஷங்கள் பிடித்தன. இரண்டாம் மாடியில் அவள் அறை. ஜன்னலைத் திறந்தால் கீழே வடிகட்டும் தொட்டிகள், அவற்றின் மேல் மெல்லிய பச்சை வெளிச்சம், எந்நேரமும் மூக்கில் ஏறுகிற குளோரின் நெடி. மழைக்காலத்தில் தாள்கள் ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும். அங்கே உட்கார்ந்து பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து மறுபடி தைத்தாள். கெட்ட செய்தியை முதலில் சொல்ல வேண்டும் என்றாள். அதைக் கேட்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை உடனே சொல்ல வேண்டும். பெரிய சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளக் கூடாது. அடியில் யார் பெயரும் வேண்டாம், பேசுவது நிறுவனம். ஆளுக்கு ஒன்றைச் சொல்லி ஊரைக் குழப்பிய அனுபவம் இருந்ததால், தளத்தில் பக்கம் ஏறும்வரை ஊழியர் யாரும் வெளியே வாய் திறக்கக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லி அதையும் ஒரு விதியாக்கினாள்.

இவற்றையெல்லாம்விட அவள் உயிராக நினைத்த வழக்கம் ஒன்று உண்டு. எந்தப் பக்கமும் ஏறுவதற்கு முன்னால் எழுதியவர் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்பவர் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் நெற்றி எங்கே சுருங்குகிறதோ அங்கே திருத்தம். அப்படிப் படித்துக் காட்டிய பக்கத்தைச் சீப்பு பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். மூச்சு முட்டுகிற இடமோ கால் இடறுகிற இடமோ அதில் இருக்காது.

கொழுந்தன் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். மாமியாரின் கடைக்குட்டி. விளம்பரம் எழுதித் தருகிற ஒரு சின்ன கம்பெனியில் இருந்தான், அதை மூடிவிட்டார்கள். ஒரு பையோடு வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றவன், முன்னறைச் சோபாவைச் சொந்தமாக்கிக்கொண்டான். அவள்தான் மேலே பேசி ஒப்பந்த வேலை வாங்கிக் கொடுத்தாள். முதலில் அவன் எழுதியதெல்லாம் சோப்பு விற்பதுபோல் இருந்தது. அவள் ஒவ்வொரு வரியாக எடுத்துக்காட்டி, இதில் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்பாள். “அண்ணி, நீங்க தலையில பேன் பார்க்கல, மூளையில பார்க்கறீங்க” என்று சிரிப்பான். ஆனால் கற்றுக்கொண்டான். ஒருநாள் புது இணைப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது என்ற பக்கத்தை எடுத்துப் படித்தவளுக்கு அது தான் எழுதியதா அவன் எழுதியதா என்று தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் கேக் வாங்கிக்கொண்டு போனாள். எதற்கு என்று கணவர் கேட்டதற்கு, ஒரு காரணமும் இல்லை என்றாள். சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

கணவரும் அதே நிறுவனம்தான், ஆய்வகத்தில். விடிந்ததும் தோளில் ஐஸ் பெட்டியோடு கிளம்பித் தெருத் தெருவாகப் போய்க் குழாய்களில் மாதிரி எடுப்பார். குழாயின் வாயைத் தீயில் காட்டி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு பாட்டிலைப் பிடிப்பார். மாதிரியைச் சூட்டுப் பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்துப் பார்த்தால் கிருமி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஊரில் அவர் ‘பாட்டில்காரர்’. சின்னப் பிள்ளைகள்கூட அவர் பின்னால் வந்து, அங்கிள் எங்க தண்ணி பாஸா ஃபெயிலா என்று கேட்கும். அதிகம் பேசாத மனிதர். மனைவி எழுதிய பக்கங்களைத் தேடிப்பிடித்துப் படிப்பார். நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. ‘இது உன்னோடதுதானே’ என்று மட்டும் கேட்பார், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அக்காவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை என்று சீப்பு வெளியூர் போன வாரத்தில்தான் தண்ணீர் கெட்டது. பள்ளமான தெருக்களில் எங்கோ குழாய் விரிசல்விட்டுச் சாக்கடை கலந்திருந்தது. அவர்கள் குடியிருந்ததும் அந்தத் தெருக்களில் ஒன்றில்தான். மாதிரி ஃபெயில் என்று தெரிந்த அன்றே துணை இயக்குநரின் கையில் எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கணவர் போனில் சொன்னார். துணை இயக்குநருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அன்றைக்கும் அதையே சொன்னாராம். இந்த விஷயத்தில் நாளைக்கு என்று தள்ள முடியாது, இன்று இரவுக்குள் பக்கம் ஏறிவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அக்காவுக்குக் கஞ்சி ஆறவைப்பதும், ஆஸ்பத்திரி படிக்கட்டில் ஏறி இறங்குவதுமாக நாட்கள் போயின.

திரும்பி வரும்போது பஸ்ஸில் போனைத் திறந்தாள். தரத் தளத்தில் அந்தப் பக்கம் இருந்தது.

‘பள்ளத் தெருக்களில் சென்ற வாரம் வந்த தண்ணீரில் கிருமி கலந்திருந்தது. அதைக் குடித்தவர்கள் நோயுற்றார்கள். அதற்காக வருந்துகிறோம். மாதிரி எடுத்த எங்கள் ஆய்வக ஊழியர் முடிவை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை. அதனால் உங்களை எச்சரிக்க எங்களால் முடியவில்லை. அவரை அந்தப் பணியிலிருந்து நீக்கியிருக்கிறோம். நாங்கள் சொல்லும்வரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.’

படித்து முடித்ததும் அவளுக்கு வந்த முதல் எண்ணம் விசித்திரமானது. இதை நான் எப்போது எழுதினேன் என்று யோசித்தாள். தூக்கத்தில் நடப்பவர்களைப் போல, அக்காவின் கட்டில் பக்கத்தில் கண்ணயர்ந்தபோது எழுதிவிட்டோமோ என்றுகூடப் பட்டது. வரிசை அவளுடையது, சொற்கள் அவளுடையவை, எங்கே நிறுத்தி மூச்சு விடுவாளோ அங்கே வாக்கியம் முடிந்திருந்தது. விஷயம் மட்டும் பச்சைப் பொய். ஜன்னலுக்கு வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. பக்கத்து இருக்கைக்காரர், உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கும்வரை அவள் போனைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

வீட்டில் அடுப்பங்கரை முழுக்கப் பாத்திரங்கள். கொதித்த தண்ணீர் எல்லாவற்றிலும் ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து வழிந்தது. கணவர் பகல் நேரத்தில் வீட்டில் இருந்தார். குழாய்க் கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம், நாளை முதல் அங்கே போக வேண்டுமாம். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். மாடியில் குடியிருக்கும் தையல்காரியின் பெண் குழந்தை ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். குழந்தைக்கு நாலு வயது. சீப்பு மடியில் உட்கார்ந்து படம் வரைந்து வளர்ந்த குழந்தை.

“அதை நான் எழுதலைங்க” என்றாள் அவள், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே.

“விடு” என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லை அவள் எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்தாள். நம்பாதவர் சொல்கிற விடு போலவே இருந்தது. நம்பாததில் வியப்பும் இல்லை. அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்ததே.

மாமியார் போனில் பிடித்துக்கொண்டார். ஊரில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். கட்டினவனையே காட்டிக்கொடுத்துவிட்டாயே, உன் உத்தியோகம் அவ்வளவு பெரிசா என்று ஆரம்பித்து, மருமகளாக வந்த நாள்வரை போய்த் திரும்பினார். சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். சொல்ல வாய் எடுப்பார், அம்மா அவள் எழுதவில்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என அவள் காத்திருந்தாள். கொழுந்தன் குளிக்கப் போய்விட்டான். அன்று குழாயில் அவ்வளவு நேரம் தண்ணீர் ஓடிற்று.

ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துக்கொண்டு போக வந்த தையல்காரியைப் படியில் பார்த்தாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவள் நின்று, துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“நல்லா எழுதியிருந்தீங்க அக்கா. வார்டுல எல்லாரும் படிச்சோம். ஒரு வரிகூடப் புரியாம இல்ல.”

அதற்குமேல் நிற்கவில்லை. அதன்பிறகு அவள் மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டால் சீப்பு கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

அலுவலகத்தில் நாளைக்கு சார் அவளை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். பக்கம் யார் எழுதியது என்று அவள் கேட்டாள். உங்கள் பிரிவிலிருந்து வந்தது என்றார். என் பிரிவில் யார் என்றாள். அவர் தேநீரை ஊதிக் குடித்துவிட்டு, யார் எழுதினால் என்ன, ஒருவர் எழுதியதுபோல் இருக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் எங்கள் உயிரை வாங்கியது நீங்கள்தானே என்றார். கேலியாகச் சொல்லவில்லை. மனதாரப் பாராட்டுவதுபோல்தான் சொன்னார். பக்கத்தை எடுக்க வேண்டும் என்றாள். நாளைக்குப் பேசலாம் என்றார்.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் குரலில் எழுதக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவள், இன்னொருவன் அவள் வீட்டுச் சோபாவில் படுத்திருந்தான். ஆனால் கேட்டால் என்ன ஆகும்? அண்ணன் தலையில் தம்பி மண்ணை வாரிப் போட்டான் என்று தெரிந்தால் கணவர் தாங்குவாரா? அவன் ஸ்கூல் ஃபீஸ் கட்டவே இரவு வேலைக்குப் போனவர் அவர். ஆகவே, அவன் வாயாலேயே வரட்டும் என்று விட்டுவைத்தாள். காலையில் அவனுக்கும் சேர்த்தே ரொட்டி வாட்டினாள். அவன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான், எப்போதும் விடுகிற ஒரு ஜோக்கும் இல்லை. மாலையில் மூவரும் ஒரே அறையில் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கிலிருந்து வரும் கணவரின் சட்டையில் துருவும் எண்ணெயும் ஒட்டியிருந்தன. அவள் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், கறை போகவில்லை. அவர் தன்னை நம்பவில்லையே என்கிற ஒன்றுதான் அவளை அரித்தது. வேலை போனாலும் பரவாயில்லை, இந்த மனிதர் ஒரு தடவை ‘இது உன்னோடது இல்லையே’ என்று கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

உறுத்திக்கொண்டிருந்த விஷயம் வேறொன்றும் உண்டு. அந்தப் பக்கத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அது யாருக்கோ படித்துக் காட்டிய பக்கம். சந்தேகமே இல்லை. பிரிவில் இருந்த மற்ற இருவரையும் தனித்தனியே கேட்டாள். தாங்கள் கேட்கவில்லை என்று இருவரும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரொட்டி, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு. தண்ணீர் இன்னும் கொதிக்கவைத்ததுதான், வாயில் வைத்தால் பாத்திர வாசனை. கொழுந்தன் முட்டை ஓட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

“அந்தப் பக்கத்தை யாருக்குப் படிச்சுக் காட்டின?” என்றாள் சீப்பு.

“எந்தப் பக்கம் அண்ணி?”

“எழுதினது நீதான்னு எனக்குத் தெரியும். அதை நான் கேக்கல. யாருக்குப் படிச்சுக் காட்டின? ‘உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை’ன்னு ஒரு இடம் வருது. அங்க முதல்ல வேற என்னமோ இருந்திருக்கு. யாரோ நெத்தியச் சுருக்கினாங்க, நீ மாத்தின. யாரு அது?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தன் மீது கோபப்படப்போகிறார் என்று பயந்து பார்க்கிற பார்வையாக அது இல்லை. அடுத்து என்ன சொல்வது என்று கேட்கிற பார்வை.

கணவர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

“எனக்குத்தான்” என்றார்.

மழைச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து அவள் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாக, வழக்கத்தைவிட நிறையப் பேசினார். அவர் கொடுத்த தாள் துணை இயக்குநரின் மேசையிலேயே கிடந்திருக்கிறது. புதுத் தொட்டியின் திறப்பு விழா இருந்ததால், அது முடியட்டும் என்று வைத்துவிட்டார். அதற்குள் ஆஸ்பத்திரி நிரம்பிவிட்டது. யாராவது ஒருவர் தலையைக் கொடுக்க வேண்டும்.

“என்னைக் கூப்பிட்டு நேராவே கேட்டாரு. உங்க தம்பிக்கு நிரந்தரம் போட்டுத் தர்றேன், நீங்க கிடங்குக்குப் போங்கன்னாரு. எனக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான் சர்வீஸ். இவனுக்கு வாழ்க்கை மொத்தமும் கிடக்கு. சரின்னேன்.”

“நான் முடியாதுன்னுதான் சொன்னேன் அண்ணி. அண்ணன்தான்…” என்றான் கொழுந்தன்.

“நீ சும்மா இரு” என்றாள். கணவரிடம், “அம்மா என்னைத் திட்டறப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?” என்று கேட்டாள்.

“ம்.”

“நான் எழுதலைன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன். விடுன்னீங்க.”

“உன்கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்ட.”

“கேட்டீங்களா?”

“கேட்டா ஒத்துக்க மாட்டேன்னு தெரியும். அதான் கேக்கல.”

“அப்ப என் பேரு?”

“உன் பேரு எங்க போட்டிருக்கு அதுல?” என்றார் அவர். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அதை ஒரு ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார். “யாரும் எழுதினதில்லைன்னு ஆகிடும்னு நெனச்சேன். ஊரு உன்னைச் சொல்லும்னு யோசிக்கல.”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்.

“எந்த இடத்துல நெத்தியச் சுருக்கினீங்க?”

அவர் தயங்கினார். “‘மறைத்துவிட்டார்’னு எழுதியிருந்தான். அது உன் மாதிரி இல்ல. அண்ணி இவ்வளவு கடுமையா எழுத மாட்டா, ‘தெரிவிக்கவில்லை’ன்னு போடுவான்னு சொன்னேன். அப்புறம் கடைசியில என்ன செய்யணும்னு விட்டுட்டான். அதையும் நான்தான் ஞாபகப்படுத்தினேன்.”

இத்தனை வருஷமாக ஒவ்வொரு பக்கத்தையும் அவர் தேடிப்பிடித்துப் படித்ததும், உன்னோடதுதானே என்று கேட்டுச் சிரித்ததும் வீணாகவில்லை. நன்றாகத்தான் கற்றிருந்தார். வீட்டில் அவளைப்போல் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவனைத்தான் அவள் எண்ணியிருந்தாள்.

கொழுந்தன் முட்டையைச் சாப்பிடாமல் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று அவள் நினைத்தாள்.

“அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. எழுத்துன்னு மட்டும் பார்த்தா… அதுல எங்கயாச்சும் பிசகு இருந்துச்சா?”

“இல்ல” என்றாள் சீப்பு. “ஒரு இடத்துலகூட இல்ல.”

அவள் எழுந்து கையைக் கழுவினாள். கொதிக்கவைத்த தண்ணீரை வீணாக்குகிறோமே என்று பாதியில் தோன்றிக் குழாயைத் திறந்துகொண்டாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள், காலையில் அலுவலகம் போனதும் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதி ஏற்றப்போவதாக. மேலிடத்து அனுமதி இல்லாவிட்டாலும் தளத்தின் கடவுச்சொல் அவள் கையில்தான் இருந்தது.

“அப்ப இவன் வேலை?” என்றார் கணவர்.

“போகும்.”

“உன்னோடது?”

“அதுவும் போகும்.”

அவர் சண்டைக்கு இழுக்கும் தொனி கொஞ்சமும் இல்லாமல், கணக்குப் போட்டுப் பார்த்தவர் போலக் கேட்டார்.

“எழுது. ஆனா நீ நெஜத்த எழுதினாலும் அதுவும் இதே மாதிரிதானே இருக்கும்? படிக்கிறவங்களுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?”

அவள் மனதுக்குள் அந்தப் புதுப் பக்கத்தை எழுதிப் பார்த்தாள். கெட்ட செய்தி முதலில் வந்து நின்றது. அடுத்து வருத்தம். அடுத்து யார் செய்தது என்பது. இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகளைப்போல் இருக்கும், ஒன்றின் கன்னத்திலும் மச்சம் கிடையாது. அவளுக்கு வேறு எழுத்தும் தெரியாது. தெரிந்திருந்ததை எல்லாம் வாரி வாரி எடுத்தாயிற்று.

துண்டில் கையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள். எங்கே போகிறாய் என்று கணவர் கேட்டதும், அண்ணி குடை என்று கொழுந்தன் எழுந்ததும் காதில் விழுந்தன. மாடிப்படி வெளிப்புறமாக ஏறியது, மழை முழுக்க அதன் மேல்தான். மேலே தையல் மிஷினின் ஓட்டம் கேட்டது.

கதவு திறந்திருந்தது. அறையில் பாதிக்கு மேல் துணி. வெட்டிய பள்ளிச் சீருடைகள் கை வேறு உடல் வேறாக அடுக்கிக் கிடந்தன. குழந்தையை அன்று மதியம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூலையில் சுருண்டு தூங்கியது. ஊசி ஏற்றிய கையில் இன்னும் பிளாஸ்திரி. முகம் உள்ளங்கை அளவுக்கு வற்றியிருந்தது. தையல்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள், வாங்க என்று சொல்லவில்லை, மிஷினை மட்டும் நிறுத்தினாள்.

சீப்பு நின்றபடியே பேசத் தொடங்கினாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கிடங்கிலிருந்து தொடங்கினாள். பிறகு அக்காவின் ஆபரேஷனுக்குப் போனாள், அதிலிருந்து திறப்பு விழாவுக்கு, அதிலிருந்து மாமியாரின் போனுக்கு. நடுநடுவே அழுகை வந்தது. சொன்னதையே சொன்னாள். தையல்காரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“நில்லுங்க அக்கா. பாட்டில்காரர் மேல தப்பு இல்லங்கறீங்க.”

“இல்ல. சத்தியமா இல்ல. அவர் அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டாரு. திங்கக்கிழமை. சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி, நம்ம தெரு மாதிரி ஃபெயில், சார்கிட்ட குடுத்துட்டேன்னு சொன்னாரு. அந்த ஆளுதான் மேசையில வெச்சிக்கிட்டு… நான் அப்பவே சொன்னேன், நீங்க ரெண்டு பேரும் தண்ணிய நல்லாக் கொதிக்கவெச்சுக் குடிங்க, பக்கம் இன்னிக்கு ஏறிடும்னு…”

அவளே நிறுத்திக்கொண்டாள்.

தையல்காரி மிஷினின் மேல் இருந்த துணியை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“திங்கக்கிழமையா?”

“ஆமா.”

“இவளுக்குப் புதன்கிழமை ராத்திரிதான் வாந்தி ஆரம்பிச்சுது.”

சீப்புவின் தலையிலிருந்து மழைத் தண்ணீர் தரையில் சொட்டியது. பக்கம் ஏறும்வரை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது என்பதைச் சொல்ல வாய் வந்தது. அந்த விதியை யார் கேட்டு வாங்கியது என்பதும் கூடவே வந்தது.

“கீழ ஒரே அடுப்பா எரியுதேன்னு செவ்வாக்கிழமை நான் கேட்டேன் உங்க கொழுந்தன்கிட்ட. சளி பிடிச்சிருக்கு, வெந்நீர் போடறோம்னாரு. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு.” தையல்காரி குரலை உயர்த்தவில்லை. “என் நம்பர் உங்ககிட்ட இருக்கில்ல அக்கா?”

“இருக்கு.”

“பக்கம் வரும்னு நெனச்சீங்க.”

“ஆமா.”

குழந்தை தூக்கத்தில் புரண்டு ஏதோ முனகியது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். தையல்காரி எழுந்துபோய்ப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, தட்டிக்கொடுத்து, மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தாள். பிறகு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு சட்டைக் கையை எடுத்து ஊசிக்கு அடியில் பொருத்தினாள்.

“கதவ மெதுவாச் சாத்திட்டுப் போங்க” என்றாள். “இப்பத்தான் தூங்கறா.”